பெர்லாவின் இடது கை

முன்பின் தெரியாதவர்கள் தன் கையில் ஏன் முத்தமிடுகிறார்கள் என்று பெர்லா இரண்டு வருஷம் கேட்கவில்லை. முத்தம் கொடுப்பவரிடம் யார் காரணம் கேட்பார்கள்?

அவளுக்கு எழுபத்தேழு வயது. ரோமில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மார்கோனி வட்டாரத்தில், லிஃப்ட் பாதி நாள் ஓடாத கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் தனியாக இருந்தாள். கணவன் இறந்துவிட்டான். மகன் இஸ்ரேலில், நெதன்யாவில் பல் வைத்தியன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றுமுன் போன் செய்வான். தினம் மூன்றரை மணி பஸ்ஸில் ஏறிச் சதுக்கத்துக்கு வருவாள். அது சதுக்கமே அல்ல, ஒரு தெரு. ஆனால் ரோமில் பிறந்த எந்த யூதனும் அதை வேறு பெயர் சொல்லி அழைத்ததில்லை. பிழைப்புக்காக எங்கெங்கோ குடிபோனவர்கள் பேசுவதற்கு மட்டும் அங்கே வருவார்கள். இறைச்சிக் கடைக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே நிழல் விழும் சுவரோரம் பெர்லாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்து நாற்காலி வெலியாவுடையது.

நாற்பத்தொரு வருஷம் பெர்லா ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் ஆர்ட்டிசோக் மொட்டுகளைப் பொரித்தாள். முதல் எண்ணெயில் வேக வைத்து எடுத்து, இதழ் இதழாக விரித்து, இரண்டாவது எண்ணெயில் தலைகீழாக அழுத்திப் பிடிக்க வேண்டும். மந்திரிகள் சாப்பிட்டார்கள், சினிமாக்காரர்கள் சாப்பிட்டார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. வேர்த்து வழியும் பொம்பளை முன்கட்டுக்கு வந்தால் சாப்பிடுகிறவனுக்குக் குமட்டும் என்று முதலாளி அவளிடமே சொல்லியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாணலி சரிந்து எண்ணெய் இடது முன்கையில் ஓடியது. முதலாளி உருளைக்கிழங்கை நறுக்கி அதன்மேல் வைத்துக் கட்டி, இன்னும் பதினேழு தட்டு பாக்கி இருக்கிறது என்றான். பதினேழையும் பொரித்துவிட்டுத்தான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் மெழுகு உருகி உறைந்ததுபோல ஆகிவிட்டது.

சதுக்கத்துக்கு தினம் இரண்டு மூன்று கூட்டமாவது சுற்றிப் பார்க்க வரும். யூதர்களின் ரோம் என்று இரண்டு மணி நேரம் நடத்திக் காட்டுவார்கள். அதில் ஒரு கூட்டம் தாரியோவுடையது. தாரியோவுக்கு நாற்பது வயது. விளையாட்டுச் சாமான் கடை வைத்துக் கெட்டவன். பச்சைக் குடையை மடக்கித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடப்பான். ஆமை நீரூற்று, எபிரேய எழுத்துப் பொறித்த மாதா கோயில் சுவர், நாஜிகள் பிடித்துக்கொண்டு போனவர்களின் பெயர் வெட்டிய பித்தளைக் கற்கள், அதற்கப்புறம் பெர்லா.

அவளுக்கு நாலடி முன்னால் நின்று அவன் இங்கிலீஷில் பேசுவான். பெர்லாவுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஆர்ட்டிசோக்கைப் பற்றித்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். நாற்பத்தொரு வருஷம் என்றால் சும்மாவா? நடுவில் ஒரு இடத்தில் அவன் பேச்சை நிறுத்துவான். கூட்டம் மூக்கை உறிஞ்சும். ஒவ்வொருவராக வந்து குனிந்து அவள் கையைத் தொடுவார்கள், முத்தமிடுவார்கள். ஒரு நெட்டை மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார். வெளிநாட்டுக்காரர்களுக்கு மனசு இளகினது என்று பெர்லா முடிவு செய்தாள்.

"அத்தை, இந்த வெயிலுக்கு எதுக்கு முழுக்கை? குட்டைக் கை போடுங்க. உங்களுக்கு நல்லாருக்கும்" என்று தாரியோ ஒருநாள் சொன்னான். போட்டாள். புதன்கிழமை தோறும் தலைமுடி சுருட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். பவழ நிறத்தில் உதட்டுச் சாயம் வாங்கினாள்.

"ராணியம்மா வந்தாச்சு. பச்சைக் குடை எங்க, இன்னும் காணோம்?" என்பாள் வெலியா.

"உனக்கு வயித்தெரிச்சல்."

"ஆமா, எரியுது. நீ பொரிச்சதைச் சாப்பிட்டு எரியறது, இன்னும் நிக்கல."

ஜூலை மாதத்தில் ஒருநாள் புவனோஸ் அயர்ஸிலிருந்து ஒரு பெண் கூட்டத்தோடு வந்தாள். அறுபது வயதிருக்கும். ஸ்பானிஷை மெதுவாகப் பேசினால் ரோம்காரிக்குப் புரியாமல் போகாது. அவள் தரையில் மண்டியிட்டு, பெர்லாவின் முன்கையை ஒரு விரலால் தடவினாள்.

"அம்மா, இங்க இருந்த நம்பரை எந்த வருஷம் எரிச்சு எடுத்தீங்க?"

"எந்த நம்பர்?"

"முகாம்ல குத்தின நம்பர். நீங்களே எரிச்சுக்கிட்டீங்கன்னு சொன்னாரே. ரொம்ப வலிச்சுதா?"

பெர்லா கையை இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டு, கன்னத்தில் முத்தமிட்டு எழுந்தாள். குடை நகர்ந்தது. கூட்டம் பிஸ்கட் கடைக்குப் போயிற்று.

வெலியா பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"வெலியா, அவன் என்னடீ சொல்றான் என்னைப் பத்தி?"

வெலியா தோலைத் துப்பினாள். "இந்தத் தெருவுலேந்து போன பிள்ளைங்கள்ல இவ ஒருத்திதான் உசிரோட திரும்பினா. அப்ப ஏழு வயசு. கையில குத்தின நம்பரைப் பாக்கச் சகிக்காம தானே எரிச்சுக்கிட்டா. இவ்வளவுதான். அப்பறம் கொஞ்ச நேரம் பேசாம நிப்பான். அந்த எடத்துலதான் அழுவாங்க."

"எத்தனை நாளா?"

"ரெண்டு பஸ்கா பண்டிகை ஆச்சு."

"உனக்குப் புரிஞ்சுதா?"

"நாப்பது வருஷம் போப்பாண்டவர் வாசல்ல ஜெபமாலை வித்தவடீ நான். ஒம்பது பாஷையில பேரம் பேசுவேன். இது புரியாதா?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

வெலியா முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். "நீ தெரிஞ்சுதான் உக்காந்திருக்கேன்னு நெனச்சேன். நான் மட்டுமில்ல, எல்லாருமே. வாரா வாரம் தலைமுடி என்ன, குட்டைக் கை என்ன. அழறவன் தலையைத் தடவிக் குடுக்கறது என்ன."

சதுக்கத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. உரியவர் காதுக்கு அது கடைசியாகத்தான் வந்து சேரும். வெலியா 'போப்பின் மருமகள்'. பெர்லா நாற்பது வருஷமாக 'வாணலி'.

"வாணலி போயிடுச்சு. இப்ப உன் பேரு 'செத்துப் பொழைச்சவ'" என்றாள் வெலியா.

அந்தச் சதுக்கத்தில் களவுக்கு மன்னிப்பு உண்டு. கூட்டாளியை ஏமாற்றியவன், தம்பி பெண்டாட்டியோடு ஓடியவன், பன்றி இறைச்சி சாப்பிட்டு மாட்டிக்கொண்டவன் எல்லோரும் ஒரு வருஷம் தலைகுனிந்து நடந்துவிட்டு மறுபடி வந்து நாற்காலி போட்டுக்கொண்டவர்கள்தான். ஆனால் முகாமுக்குப் போன அந்த ரயிலில் ஏற்றப்பட்டவர்களின் சாவை எடுத்துத் தனக்கு உடுத்திக்கொள்கிறவளுக்கு மன்னிப்பு கிடையாது. இவ்வளவுக்கும் அது சாமர்த்தியமான பொய்கூட இல்லை. போன குழந்தைகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை என்பது சதுக்கத்து நாய்க்கும் தெரியும். பெர்லா கன்னியாஸ்திரீகள் மடத்தில் தாயோடு ஒன்பது மாதம் ஒளிந்திருந்தவள். அப்பா சபாத்தோ தனியே வேறிடத்தில் ஒளிந்திருந்தார். வசந்த காலத்தில் ஒருநாள் சிகரெட் வாங்கப் பாலத்தைத் தாண்டினார். அங்கேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தாரியோவை அன்றைக்கே காப்பிக் கடையில் பிடித்தாள்.

"நான் அங்க போகலடா."

"தெரியும் அத்தை."

"பின்ன எதுக்குடா இப்படி?"

"நான் என்ன பண்ணட்டும்? நெஜமா திரும்பினவங்க ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. மிச்சம் பசிஃபிகோ தாத்தா ஒருத்தர்தான். அவரைக் கேட்டேன், தடியை ஓங்கினார். வர்றவங்க மொதல் கேள்வியே 'யாராவது இருக்காங்களா'ன்னுதான். 'கல்லு இருக்கு'ன்னு சொன்னா மூஞ்சி தொங்கிப் போவுது. உங்க கையைப் பாத்தேன். வாயில தானா வந்துடுச்சு."

"நாளைலேந்து சொல்லாதே."

"அவங்க அழறது பொய்யில்ல அத்தை. உங்களுக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

"இங்க இருக்கறவங்க என்னைப் பத்திப் பேசறாங்கடா."

தாரியோ சர்க்கரையைக் கலக்கினான். "இதுக்கு முன்னாடி உங்களைப் பத்தி என்னைக்காவது பேசியிருக்காங்களா?"

பெர்லா திரும்பி வந்து வெலியாவிடம் இங்கிலீஷ் கேட்டாள். மூன்று வாக்கியம் போதும். நான் அங்கே போகவில்லை. நான் ஒளிந்திருந்தேன். இது எண்ணெய். வெலியாவுக்கு ஒரே குஷி. ஒவ்வொன்றையும் இருபது தடவை சொல்ல வைத்தாள். சரியாகவே கற்றுக்கொடுத்தாள், அதில் குறை சொல்ல முடியாது. அன்று பஸ்ஸிலும் மறுநாள் காலை மாடிப் படியிலும் பெர்லா அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடிக்காரி பிரார்த்தனை என்று நினைத்து வழிவிட்டாள்.

மறுநாள் முழுக்கைச் சட்டை போட்டு வந்தாள். வெலியா சேதி பரப்பியிருந்தாள். இறைச்சிக் கடைக்காரன் கத்தியைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றான். காப்பிக் கடையிலிருந்து நாலு பேர் கோப்பையோடு வந்தார்கள். பச்சைக் குடை வந்தது. பின்னால் இருபது பேர்.

தாரியோ பேசித் தன் மௌனத்துக்கு வந்ததும் பெர்லா எழுந்தாள். மூன்று வாக்கியத்தையும் சொன்னாள். கடைசி வாக்கியத்துக்குச் சட்டைக் கையை ஏற்றித் தழும்பைக் காட்டினாள்.

தாரியோ குடையைத் தாழ்த்திக்கொண்டு, தணிந்த குரலில் கொஞ்சம் பேசினான். அவ்வளவுதான். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். இரண்டு பேர் பெர்லாவைக் கட்டிக்கொண்டார்கள். முந்தைய நாட்களில் எவரும் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை.

"என்ன சொன்னான்? வெலியா, என்ன சொன்னான்?"

"திரும்பி வந்தவங்கள்ல பல பேர் இப்படித்தான் இல்லேம்பாங்களாம். எண்ணெய்ங்கறது நீ உனக்கே சொல்லிக்கிட்ட கதையாம். ஜூலை மாசத்துல முழுக்கை போட்டிருக்கா, பாருங்கன்னான்."

இறைச்சிக் கடைக்காரன் சிரித்தான். மறைத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் பசிஃபிகோ ரொட்டிக் கடையிலிருந்து வெளியே வந்தார். எண்பத்தொன்பது வயது. ஆகஸ்ட் மாதத்திலும் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றாதவர். முகாமுக்குப் போய்த் திரும்பியவர். சதுக்கத்தில் அவர் நடந்தால் பேச்சு தானாகத் தணியும். அவரிடம் அதைப் பற்றி யாரும் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

பெர்லா கட்டிக்கொண்டவர்களை விலக்கிக்கொண்டு ஓடி அவர் எதிரே நின்றாள்.

"பசிஃபிகோ அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"என்ன சொல்லணும்?"

"நான் அங்க இல்லைன்னு."

அவர் ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "சபாத்தோ மகதானே நீ?"

"ஆமா அண்ணே."

"நாப்பத்தஞ்சு ஆகஸ்ட்டுல உங்க வீட்டுக் கதவைத் தட்டினேன். ஞாபகம் இருக்கா?"

பெர்லாவுக்கு ஞாபகம் இருந்தது. அம்மா கதவைச் சங்கிலி நீளத்துக்குத் திறந்தாள். அந்த இடுக்கு வழியாக, அம்மா இடுப்புக்குப் பின்னாலிருந்து அவள் பார்த்தாள். தலைமுடி இல்லாத ஏதோ ஒன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. 'போயிடு, குழந்தை பயப்படறா' என்றாள் அம்மா. பிறகு பேன் ஒட்டாமலிருக்க வாசற்படியில் வினிகர் ஊற்றிக் கழுவினாள்.

"நாலு மாடி ஏறி வந்தேன்" என்றார் பசிஃபிகோ. "அப்ப நான் முப்பத்தெட்டு கிலோ. படிக்கு ஒரு தடவை உக்காந்து வந்தேன். உங்கப்பன் சாகறப்ப பக்கத்துல கெடந்தவன் நான்தான். வீட்டுல சொல்லுன்னு ஒரு விஷயம் சொன்னான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"எனக்கு அப்ப ஒம்பது வயசு அண்ணே."

"காது இருந்துதுல்ல. அதுக்கப்பறம் பதினஞ்சு வயசு ஆச்சு, முப்பது ஆச்சு, அம்பது ஆச்சு. தெனம் என்னைப் பாத்துக்கிட்டுதான் இருந்தே. கேட்டியா?"

"இப்பக் கேக்கறேன். சொல்லுங்க. என்ன சொன்னார்?"

"இப்ப இவங்ககிட்டதானே என்னமோ சொல்லணும்னே?"

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். ரொட்டியை வெலியாவிடம் கொடுத்தார். மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். வயதான விரல்கள், நேரமாயிற்று. சட்டைக் கையை ஏற்றி முன்கையைக் காட்டினார். அறுபத்தெட்டு வருஷத்தில் சதுக்கம் அதை அன்றுதான் பார்த்தது. நீலம் மங்கி நரம்போடு கலந்திருந்தது. இறைச்சிக் கடைக்காரன் தலையிலிருந்த குல்லாயைச் சரிசெய்துகொண்டான்.

அமெரிக்கர்களின் ஆஸ்பத்திரியில் கிடந்து கற்ற இங்கிலீஷில் பசிஃபிகோ இரண்டு வாக்கியம் சொன்னார். பெர்லாவைக் கைகாட்டிச் சொன்னார்.

பெர்லா வெலியாவைப் பார்த்தாள். வெலியாவின் குரலில் கேலி இல்லை.

"'இவ என்னோட இருந்தா. நான் என் கண்ணால பாத்தேன்'ங்கறார்."

"பொய்! பொய் சொல்றார்! வெலியா, பொய்யின்னு சொல்லு அவங்ககிட்ட!"

வெலியா ரொட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையைப் பார்த்துப் பொய் என்று யாரால் சொல்ல முடியும்? அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அது பொய்யென்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெர்லா கத்துவதைக் கண்டு கூட்டம் இன்னும் அழுதது. தாரியோகூடக் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பசிஃபிகோ பொத்தானைப் போட்டுக்கொண்டார். "இத்தனை வருஷம் தனியா சொமந்தேன். இனிமே நீயும் சொம" என்றார். ரொட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார்.

"அண்ணே, அப்பா என்ன சொன்னார்? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அவர் நிற்கவில்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் பெர்லா ரொட்டிக் கடை வாசலில் காத்திருந்து கேட்டாள். அவர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார். செப்டம்பரில், யூதர் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு மறுவாரம், தூக்கத்தில் இறந்துபோனார். சதுக்கம் முழுக்கச் சவ ஊர்வலத்தில் போயிற்று. பெர்லாவும் போனாள். அவளைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு இடம் விட்டு நடந்தார்கள்.

பசிஃபிகோவைப் பொய்யர் என்று எவரும் சொல்லப் போவதில்லை. ஆகவே அந்தப் பொய் மொத்தமும் பெர்லாவின் தலையில் இறங்கிற்று. சாகப்போகிற மனுஷனைக் காலைப் பிடித்துச் சாட்சி சொல்ல வைத்தாள் என்று ஒரு பேச்சு. அழுது காட்டி ஏமாற்றினாள் என்று இன்னொன்று. நெதன்யாவில் யாரோ மகனிடம் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை போனில், "ஏம்மா இப்படிப் பண்ணே? இங்க என் கிளினிக்குக்கு நெஜமா அங்கேந்து திரும்பினவங்க வராங்க. நான் எப்படி அவங்க மூஞ்சில முழிக்கறது?" என்றான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன், "சரிம்மா, சரி" என்றான். அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை.

வெலியா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர் வரிசைக்குப் போய்விட்டாள். இந்தப் பக்கம் காற்று வரவில்லை என்று காரணம் சொன்னாள். இறைச்சிக் கடைக்காரன் பெர்லாவுக்கு வேண்டியதைக் கேட்காமலே நிறுத்துப் பொட்டலம் கட்டி மேஜைமேல் வைத்தான். வராமல் இருந்து பார்த்தாள் பெர்லா. மார்கோனியில் ஐந்தாம் மாடியில் நாலு நாள் உட்கார்ந்தாள். லிஃப்டில் பார்க்கிறவர்களுக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. ஐந்தாம் நாள் மூன்றரை மணி பஸ்ஸில் ஏறினாள்.

நாலிலிருந்து ஏழுவரை அவளோடு பேச வருகிறவர்கள் பச்சைக் குடைக்குப் பின்னால் வருகிறவர்கள் மட்டுமே. தாரியோ இப்போது கூட்டத்தின் கேள்விகளை அவளிடம் கொண்டு வந்தான். அவள் ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பேசாமலிருப்பதும் அவனுக்குத் தோதாகத்தான் இருந்தது.

அக்டோபரில் ஒருநாள் மழை பெய்து விட்டிருந்தது. காலையிலிருந்து அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் யாரோ, "கெழவி, வழிய விடு" என்றதோடு சரி. கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். கல்லூரிப் பெண் ஒருத்தி முன்னால் வந்து, ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துகொண்டு ஏதோ கேட்டாள். கெட்டிக்காரப் பெண்ணின் முகம். அவசரமில்லாத முகம்.

"அத்தை, அங்க நீங்க தனியாவா இருந்தீங்கன்னு கேக்கறா" என்றான் தாரியோ.

பெர்லா எதிர் வரிசையைப் பார்த்தாள். வெலியா முதுகைக் காட்டிக்கொண்டு யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றாள் பெர்லா.

தாரியோ திடுக்கிட்டு அவளைப் பார்த்தான்.

"எங்கப்பா இருந்தார்" என்றாள். "பக்கத்துல."

அவன் மொழிபெயர்த்தான். கூட்டம் நெருங்கி வந்தது. அந்தப் பெண் இன்னொரு கேள்வி கேட்டாள். தாரியோ குடையைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"சாகறதுக்கு முன்னாடி அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்னு கேக்கறா. வேணாம்னா விட்டுடலாம் அத்தை."

அது பெர்லாவுக்குத் தெரியாது. அது தெரிந்த ஒரே மனிதரைப் புதைக்க அவளும்தான் போய்விட்டு வந்தாள். அந்தப் பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் சரி என்பதுபோல அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெர்லா சொன்னாள்.